கால் எட்டாத குதிரை எனக்கு எதுக்குங்க?



புது அட்வெஞ்சர் பைக் ஒன்று சந்தைக்கு வந்தால், அதன் விளம்பரம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பனிமலை. புழுதி. குறுக்கே ஓர் ஓடை. ஆறடி உயரத்தில் தாடி வைத்த ஒருவர் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபடி அதைத் தாண்டுவார். பின் சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவருக்குத் தங்கமணி இல்லை, டிபன் கேரியர் இல்லை, பத்து மணிக்குள் கிளையில் இருக்க வேண்டிய கவலை இல்லை, மாசத் தவணையும் இல்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்த மனுஷன் :-)

அந்த மனுஷனோடு எனக்குச் சண்டை இல்லை. அவரை மனசில் வைத்தே வண்டி செய்து, அதை என் தலையில் கட்டுகிறார்களே, அவர்களோடுதான் சண்டை.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, மாற்றல் மேல் மாற்றல் வாங்கி, இப்போது கொல்கத்தாவில் பெஹாலாவில் குப்பை கொட்டுகிறேன். நாற்பதைத் தாண்டியாயிற்று. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடையைச் சொல்வதாக இல்லை. இருசக்கர வண்டிக் கடன் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அதனால் எந்த வயசுக்காரர் எந்த வண்டிக்கு ஆசைப்படுகிறார், எட்டு மாசம் கழித்து அதே வண்டியை யார் விற்க அலைகிறார் என்பது கொஞ்சம் தெரியும்.

'பைக் பதிவா, நமக்கென்ன' என்று தங்கமணிகள் யாரும் போய்விட வேண்டாம். வெளியூரில் இருக்கும் நம் வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து அடிக்கடி வருகிறது. மகன் கேட்கிறான், இல்லையென்றால் மகனின் அப்பா கேட்கிறார். ஊரிலிருந்து அம்மா போனில் 'அதெல்லாம் வேண்டாம்ப்பா' என்று அழுகிறார். 'வாங்கு', 'வாங்காதே' என்று சண்டை போடுவதை விட, 'எது?' என்று கேட்டுப் பழகினால் எலும்புக்கும் நல்லது, சேமிப்புக்கும் நல்லது.

இரட்டைப் பயன் என்றால் என்ன?

கம்பெனிக்காரர்கள் அகராதியில் தார்ச்சாலை ஒரு பயன், மண்சாலை இன்னொரு பயன். நம் அகராதி வேறு. திங்கட்கிழமை ஒரு பயன், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பயன். வருஷத்தில் 350 நாள் ஆபீஸ், காய்கறிக் கடை, டியூஷன். மிச்சம் 15 நாள்தான் மலை. இந்த 350-ஐ மறந்துவிட்டு 15-க்கு மட்டும் வண்டி செய்தால் அது இரட்டைப் பயன் இல்லை, ஒற்றைப் பயன்.

அதிலும் பெஹாலாக்காரனுக்கு மண்சாலையைத் தேடி மலைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. வீட்டு வாசலில் டயமண்ட் ஹார்பர் ரோடு இருக்கிறது. பல வருஷம் மெட்ரோ தூண்களுக்காகத் தோண்டினார்கள். 2018 செப்டம்பர் 4-ம் தேதி மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது, புதுப் பாலம் திறக்க 2020 டிசம்பர் ஆயிற்று. அதுவரை பெஹாலாவே சந்து சந்தாகச் சுற்றித்தான் நகரத்துக்குள் போய் வந்தது. ஜோக்காவிலிருந்து தாராதலா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2022 டிசம்பர் 30. அது மாஜேர்ஹாட்டைத் தொட்டது 2024-ல். நடுவில் மழைக்காலங்கள் தனி. 2025 செப்டம்பர் 23 அன்று 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டர் மழை கொட்டி கொல்கத்தா மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் செத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெஹாலாவைக் கிழித்துக்கொண்டு போகும் இந்த ரோடு தேசிய நெடுஞ்சாலை 12. தெற்கே போனால் டயமண்ட் ஹார்பர், காக்த்வீப், பக்காலி என்று கடலில் முடியும். வடக்கே போனால் கிருஷ்ணநகர், பஹரம்பூர், ஃபராக்கா, மால்டா, ராய்கஞ்ச் தாண்டி டால்கோலா வரை போகும். அங்கிருந்து 27-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சிலிகுரி, அதற்கப்புறம் மலை. 550 கிலோமீட்டருக்கு மேல். ஆக, காய்கறி வாங்கப் போகிற ரோடும் இமயமலைக்குப் போகிற ரோடும் எனக்கு ஒன்றுதான். வண்டியும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இரண்டு வண்டி வாங்க வங்கி எனக்கு அவ்வளவு சம்பளம் தருவதில்லை.

ஊர் சுற்றும் ஆசையில் பெங்காலிகளை மிஞ்ச ஆளில்லை. பிமல் முகர்ஜி என்ற கொல்கத்தாக்காரர் 1926-ல் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பி 1937-ல்தான் திரும்பி வந்தார். ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றுகிற ஆளை இங்கே 'பாயேர் தொலாய் ஷொர்ஷே' என்பார்கள். காலுக்கடியில் கடுகு என்று அர்த்தம். நின்றால்தானே! சரி, கடுகு இருக்கட்டும். முதலில் கால் தரையைத் தொட வேண்டாமா?

எங்கிருந்து வந்தது இந்த மோகம்?

கதை 1980-ல் ஆரம்பிக்கிறது. பி.எம்.டபிள்யூ அந்த வருஷம் ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அந்த இரண்டு எழுத்துக்கும் ஜெர்மன் மொழியில் காடுமேடு, சாலை என்று பொருள். மறு வருஷமே பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் ஹூபர்ட் ஓரியோல் அந்த கம்பெனி வண்டியில் ஜெயித்தார். 2004-ல் ஈவன் மெக்ரெகர் என்ற நடிகரும் நண்பர் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பி நியூயார்க் வரை போனார்கள். 'லாங் வே ரவுண்ட்' என்று தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்க பெட்டி கட்டிய பெரிய பைக்குகளுக்கு வந்த மவுசு இன்னும் குறையவில்லை.

அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் பெரிய வண்டிகளை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது வேறு. மங்கோலியாவில் ஒளிப்பதிவாளரின் பெரிய வண்டி பழுதாகிவிட்டது. அந்த மனிதர் அங்கேயே ஒரு சின்ன ரஷ்ய பைக்கை வாங்கி ஓட்டினார். சேற்றிலும் மணலிலும் பெரிய வண்டிகள் திணறி விழுந்துகொண்டிருக்க, சின்னது தன்பாட்டில் போனது. அதைச் சரிசெய்ய ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. மொத்தத் தொடரிலும் கம்பெனிக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான். கற்றுக்கொண்டது மட்டும் பெட்டியையும் கண்ணாடியையும்.

நம்ம ஊர்க் கணக்கு

இந்தியாவில் 2011-ல் ஹீரோ 'இம்பல்ஸ்' என்று 150 சிசி வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, விற்காமல் சில வருஷத்தில் நிறுத்தியது. 2016-ல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. 1955-லிருந்து சென்னையில் புல்லட் கட்டும் கம்பெனி அது. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி, நம்மைப் போலவே வடக்கே பிழைக்க வந்த வண்டி என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். 411 சிசி, 24 குதிரைத்திறனும் சொச்சமும், சீட் உயரம் 800 மில்லிமீட்டர், எடை 191 கிலோ, விலை 1.55 லட்சம். 2019-ல் ஹீரோ 'எக்ஸ்பல்ஸ் 200' கொண்டுவந்தது. 18 குதிரைத்திறன், 154 கிலோ, விலை ஒரு லட்சத்தை ஒட்டி. 2020-ல் கேடிஎம் 390 அட்வெஞ்சர் வந்தது. சீட் உயரம் 855. 2023-ல் ஹிமாலயன் 450: 40 குதிரைத்திறன், 196 கிலோ, சீட் 825, ஆரம்ப விலை 2.69 லட்சம்.

போக்கு புரிகிறதா? குதிரைத்திறன் ஏறுகிறது, சீட் ஏறுகிறது, விலை ஏறுகிறது. ஓட்டுகிறவன் உயரம் மட்டும் ஏறவில்லை. சராசரி இந்திய ஆண் சுமார் 165 செ.மீ., பெண் சுமார் 152 செ.மீ. இது கணக்கெடுத்த விஷயம், என் கற்பனை இல்லை.

சரி, எங்களுக்கு என்னதான் வேண்டும்? பட்டியல் போடுகிறேன்.

1. கால் தரையில் படணும். 165 செ.மீ. ஆளுக்குத் தொடையிடுக்கிலிருந்து தரை வரை சுமார் 75 செ.மீ. இருக்கும். சீட் 825 என்றால் 82.5 செ.மீ. உட்கார்ந்தால் வண்டி கொஞ்சம் அமுங்கும், ஷூ கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும். அப்படியும் விரல்தான் படும், குதிகால் தொங்கும். தனியாக, சமதரையில் இது பெரிய விஷயமில்லை. பின்னால் மனைவி, பக்கவாட்டில் பெட்டி, ரோட்டில் சரிவு, காலுக்கடியில் ஈர மணல். இப்போது சொல்லுங்கள்.

எங்கள் ஆபீஸ் சகா ஒருவர் (பெயர் வேண்டாம், வண்டிப் பெயரும் வேண்டாம்) உயரமான வண்டி ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினார். மலையில் விழவில்லை. தாராதலா சிக்னலில், நின்றுகொண்டிருந்த வண்டியில் விழுந்தார். காலை ஊன்றிய இடத்தில் பள்ளம். வேகம் பூஜ்யம்! கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டிலில். எட்டாம் மாசம் வண்டியை விற்றார், கடன் மட்டும் தொடர்ந்தது. விளம்பரத்தில் வராத அட்வெஞ்சர் இது.

'தரை இடைவெளி வேண்டும், ஷாக் அப்சார்பர் நிறைய அமுங்க வேண்டும், அப்புறம் சீட் எப்படித் தாழும்?' என்று இன்ஜினியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் ஹிமாலயனில் 220 மி.மீ. தரை இடைவெளியோடு 800 மி.மீ. சீட்டை வைத்துக் காட்டினார்களே! சீட்டின் முன்பக்கத்தை ஒடுக்கினாலே கால் ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கும். 450-ல் சீட்டை இரண்டு உயரத்தில் மாற்றிக்கொள்ளலாம், இன்னும் தாழ்வான சீட்டைத் தனியாக வாங்கினால் 805 வரை இறங்கும். நல்ல விஷயம். அதை ஏன் தனியாக விற்கணும்? குள்ளமாகப் பிறந்ததற்கு அபராதமா?

2. விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்தணும். மண்ணில் ஓட்டினால் விழத்தான் செய்யும். அது குற்றமில்லை, பாடத்தில் ஒரு பகுதி. விழுந்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. முதல் ஹிமாலயனுக்கும் எக்ஸ்பல்ஸ் 200-க்கும் எடை வித்தியாசம் 37 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரை. சாய்ந்து கிடக்கும் வண்டியை முதல் தடவை எல்லோரும் தூக்கிவிடுவார்கள். மூன்றாம் தடவை, மூச்சு வாங்கும் உயரத்தில், நாற்பது வயசு முதுகை வைத்துக்கொண்டு தூக்கிப் பாருங்கள். எனவே என் கோரிக்கை: பெட்ரோல் நிரப்பி 165 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய கண்ணாடி, பெரிய திரை, பெரிய இரும்புக் கூண்டு இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு அந்த எடையைக் குறையுங்கள் சாமி.

3. ஊர்ந்து போகும்போதும் இழுக்கணும். குதிரைத்திறன் காகிதத்தில் அழகு. ட்ராஃபிக்கிலும் மலை ஏற்றத்திலும் வேண்டியது நம் மெக்கானிக்குகள் 'புல்லிங்' என்று சொல்வது. பழைய ஹிமாலயன் தன் முழு இழுவையான 32 நியூட்டன் மீட்டரை 4,250 சுற்றிலேயே கொடுத்துவிடும். 2020-ன் கேடிஎம் 390 தன் 37-ஐக் கொடுக்க 7,000 சுற்று போகணும். பந்தயத்துக்கு இரண்டாவது. பெஹாலா சௌராஸ்தாவில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டாம் கியரில் ஊர, பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கொண்டைஊசி வளைவு ஏற, முதலாவதுதான்.

4. பஞ்சர் ஆனால் பாதி நாள் போகக் கூடாது. மண்சாலைக்கு ஸ்போக் சக்கரம் நல்லது. அலாய் சக்கரம் கல்லில் மோதினால் விரிசல் விடும், ஸ்போக் ரிம் நெளிந்தாலும் தட்டி எடுத்துவிடலாம். ஆனால் சாதாரண ஸ்போக்கில் டியூப் இருக்கும். டியூப் பஞ்சர் என்றால் சக்கரத்தையே கழற்றணும். டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, திரியைச் சொருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். ஸ்போக்கும் வேண்டும், டியூப்லெஸ்ஸும் வேண்டும் என்று ஓட்டுகிறவர்கள் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். 2023-ல் வந்த ஹிமாலயன் 450 கூட முதலில் டியூபோடுதான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் 2024-ல், கூடுதல் விலைக்கு. இருட்டிய பிறகு ஃபராக்காவுக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சரில் மாட்டிக்கொண்ட குடும்பஸ்தனுக்கு இது 'கூடுதல் வசதி' இல்லை, அடிப்படைத் தேவை.

5. தெருமுனை மிஸ்திரிக்குப் புரியணும். எங்கள் தெருமுனையில் ஒரு மிஸ்திரி இருக்கிறார். இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வார்கள். புது வண்டி ஒன்றைக் காட்டி அபிப்பிராயம் கேட்டேன். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தாதா, இதில் என் கை எங்கே நுழையும்?" என்றார். இதைவிடச் சிறந்த விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. காற்று வடிகட்டியைக் கழற்ற டேங்கைத் தூக்கணும், பேட்டரியைத் தொட ஆறு திருகு, ஒவ்வொரு திருகுக்கும் ஒவ்வொரு சாவி என்றிருந்தால், அது சர்வீஸ் சென்டருக்குப் பக்கத்துத் தெருவில் ஓட்டுவதற்கான வண்டி. அட்வெஞ்சர் வண்டி இல்லை.

உதிரி பாகக் கதையும் உண்டு. தெரிந்த ஒருவர் கிளட்ச் லீவர் ஒன்றுக்காக ஐந்து வாரம் காத்திருந்தார். கம்பெனி பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை. மாற்றலில் வாழும் நமக்கு இது இன்னும் பெரிய தலைவலி. இன்று கொல்கத்தா, நாளை குவாஹாட்டி, நாளன்னிக்கு எங்கேயோ. போகிற ஊரிலெல்லாம் பாகம் கிடைக்கணும். லீவர், கிளட்ச் வயர், பிரேக் பேட், கண்ணாடி, இண்டிகேட்டர் இந்த ஐந்தும் எந்த மாவட்டத் தலைநகரிலும் ஒரே வாரத்தில் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்கும் கம்பெனிக்கு நான் முதல் வாடிக்கையாளன்.

6. பின் சீட்டில் இருப்பவரும் மனுஷிதான். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தைப் பாதியாவது மூடும் தடுப்பு ஆகியவை சட்டப்படியே கட்டாயம். அதனால் ஒரு சாரி கார்டை ஒப்புக்கு மாட்டிவிடுகிறார்கள். உயரமான பின் சீட்டுக்கு ஏறுவது எப்படி, ஏறியபின் 100 கிலோமீட்டர் இடுப்பு தாங்குமா, பெட்டி மாட்டினால் கால் எங்கே போகும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தங்கமணி ஷோரூமில் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டுக் கேட்டது: "இதை டெஸ்ட் பண்ணினவங்களுக்குக் கல்யாணமே ஆகலையா?" சேல்ஸ் பையன் சிரித்துச் சமாளித்தான். இன்னொன்றும் உண்டு. தங்கமணிகளே ஓட்டவும் விரும்புகிறார்கள். முதல் இரண்டு கோரிக்கைகளை நிறைவேற்றினாலே அந்தக் கதவும் திறந்துவிடும்.

7. பிரேக் என் பேச்சைக் கேட்கணும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். தார்ச்சாலையில், அதுவும் மழையில், உயிர் காக்கும் சாதனம். இரண்டாம் பேச்சில்லை. ஆனால் மண் இறக்கத்தில் பின் பிரேக் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடித்தால் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்க ஒரு பட்டன் வேண்டும். 2020-ல் ஹிமாலயனுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களும் கொடுக்கட்டும். ஐந்து பக்க மெனுவுக்குள் ஒளித்து வைக்காமல், கையுறை போட்ட விரலுக்கு எட்டும் இடத்தில்.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

'சின்ன வண்டி நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். லாரியை முந்த முடியாது. அதுவும் ஆபத்துதானே?' இந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. 18 குதிரைத்திறனில் இரண்டு பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டினால் இன்ஜின் அழும். நான் 18 போதும் என்று சொல்லவில்லை. 25-லிருந்து 30 போதும் என்கிறேன். நம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் டிராக்டர் வரும், நடுவில் மாடு நிற்கும். இதில் 140-ல் போகும் சக்தி யாருக்கு வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானால் வேண்டும்.

'கனமான வண்டி நெடுஞ்சாலையில் ஆடாது.' உண்மைதான். பக்கக் காற்றில் அலைபாயாது. ஆனால் அந்த நன்மை ஓடும்போது மட்டும். நிற்கும்போது, திரும்பும்போது, ஸ்டாண்ட் போடும்போது, பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளும்போது முழுக்க முழுக்க பாரம்தான். பெஹாலா சந்துக்குள் வண்டியைத் தள்ளித் திருப்பிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

'தண்ணீரில் இறங்க உயரமான வண்டிதானே நல்லது?' சைலன்சர் மேலே இருப்பது, காற்று உறிஞ்சும் வாய் மேலே இருப்பது நல்லதுதான். ஆனால் நகரத்தில் தேங்கிய தண்ணீர் ஓடை இல்லை. உள்ளே திறந்த மேன்ஹோல் இருக்கும், அறுந்த மின்கம்பி இருக்கும். 2025 செப்டம்பரில் நடந்ததற்கு அப்புறமும் வீரம் காட்ட வேண்டாம். எந்தப் பைக்கும் அதற்காகச் செய்யப்படவில்லை. முட்டியளவு தண்ணீர் என்றால் வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடையில் உட்காருங்கள். மேலதிகாரி திட்டினால் திட்டட்டும்.

கடைசியாகக் காசுக் கணக்கு

இது என் தொழில், விடமுடியுமா? 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். முன்பு 28-ம், 350-க்கு மேல் செஸ் சேர்த்து 31-ம் இருந்தது. வரி போடுமுன் 2 லட்சம் அடக்கமாகும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு 2,56,000-ம் 2,62,000-ம் ஆக இருந்திருக்கும். வித்தியாசம் 6,000. இப்போது 2,36,000-ம் 2,80,000-ம். வித்தியாசம் 44,000! புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. ஆக, 350 என்ற கோட்டைத் தாண்ட மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். அதைக் கடனில் போட்டால் வட்டி வேறு.

தவணையையும் பார்த்துவிடுவோம். 2.5 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, மூன்று வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாசம் சுமார் 8,185 ரூபாய். வட்டி மட்டும் 44 ஆயிரத்துக்கு மேல். இதே கடன் 1.5 லட்சமாக இருந்தால் மாசம் சுமார் 4,910. மிச்சமாகும் 3,275-ஐ மூன்று வருஷம் சேர்த்தால் நல்ல ஹெல்மெட் இரண்டு, பாதுகாப்பு ஜாக்கெட் இரண்டு, பூட்ஸ், அப்புறம் குடும்பத்தோடு ரயிலில் ஊருக்குப் போய்வரும் செலவும் போக மிஞ்சும். மண்டையைக் காப்பாற்றுவது ஹெல்மெட்தான், கூடுதல் 15 குதிரைகள் இல்லை.

ஒரு நல்லது நடக்கிறது. அரசாங்கம் வரிக்கோடு போட்டதோ, நம் புலம்பல் காதில் விழுந்ததோ, கோட்டுக்குக் கீழே கூட்டம் சேர்கிறது. 2025 ஜனவரியில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210-ஐக் கொண்டுவந்தது. அக்டோபரில் டிவிஎஸ் தன் முதல் அட்வெஞ்சர் வண்டியான அபாச்சி ஆர்டிஎக்ஸ் 300-ஐ 1.99 லட்சத்துக்கு அறிமுகப்படுத்தியது. தார்ச்சாலைப் பக்கம் சாய்ந்த வண்டி, சீட்டும் எனக்கு உயரம்தான். ஆனாலும் திசை சரி. அந்த பாதையில் இன்னும் பத்து கிலோவைக் குறைத்து, இன்னும் ஒன்றரை அங்குலம் இறக்கினால் ஆகிற காரியம்தான். ராக்கெட் விடச் சொல்லவில்லை.

அதுவரை, வாங்கப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷோரூமில் இன்ஜினை முறுக்கிச் சத்தம் கேட்பதற்கு முன்னால் நாலு காரியம் செய்யுங்கள். தினமும் போடும் செருப்போடு உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிப் பாருங்கள். வண்டியை விட்டு இறங்கி, பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். பின்னால் உட்காரப் போகிறவரை ஏற்றி, அவர் ஏறும்போது உங்களால் வண்டியைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு லீவர், கண்ணாடி, பிரேக் பேட் மூன்றின் விலையையும், எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இந்த நாலில் இரண்டு தேறவில்லையென்றால், அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கானது இல்லை. சேல்ஸ் பையன் 'பழகிடும் சார்' என்பான். பழகாது. அவனுக்குப் பழகியது இன்சென்டிவ்.

கம்பெனிகளும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும். மலையைப் பார்க்கும் ஆசை ஆறடிக்காரர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஐந்தடி ஐந்தங்குல குமாஸ்தாவுக்கும், ஐந்தடி டீச்சருக்கும் வருகிறது. எண்ணிக்கையிலும் நாங்கள்தான் அதிகம். கடனை ஒழுங்காகக் கட்டுவதும் நாங்கள்தான், அது எனக்குத் தெரியும் :-)

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் என்ன வண்டி, கால் எட்டுகிறதா, பின் சீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? சொல்லுங்கள், பேசுவோம்.